சம்மதம்: ஓசூரிலும் பர்கூரிலும்

துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குக் கோரியது. வயதுவந்த இருவரின் மணத்திற்குக் குடும்பத்தின், சாதியின் ஒப்புதல் தேவையில்லை என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நவம்பரிலேயே, ஓசூர் அருகே சூடுகொண்டப்பள்ளியின் தலித் இளைஞரும் அவர் மணந்த சாதி இந்துப் பெண்ணும் கர்நாடகக் காவிரியில் பிணமாக மீட்கப்பட்டனர். பெண்ணின் தந்தை கைதானார்.

2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே தனியார் பள்ளியில் நடந்த போலி என்.சி.சி. முகாமில் மாணவிகள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். மறைத்ததாகப் பள்ளி முதல்வரும் கைதானார்.

இரண்டிலும் பெரியவர்கள் காக்க நினைத்தது மானத்தை. கீழ்ப்படிய மட்டுமே பழக்கிய பிள்ளை ‘வேண்டாம்’ என்றும் சொல்லாது, ‘இவர்தான்’ என்றும் சொல்லாது. 18 வயதுக்குட்பட்டோரின் சம்மதம் சட்டத்தில் செல்லாது, மறுப்பு ஆணுக்கு அவமானமல்ல என்பதைச் சேரிப் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்வோம்.