படிகாரமும் பற்றீரியாக் கொழுப்பும்

திரியாய்ப் பாடசாலையில் தரம் 6 மாணவிக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசி போடுமுன் மருந்துக் குப்பியைக் குலுக்க வேண்டும். குலுக்கினால் உள்ளிருப்பது கலங்கி வெண்மையாகும். அந்த வெண்மை வைரஸின் புரதத்தால் வருவதல்ல; அதோடு சேர்த்திருக்கும் துணையூக்கியான, அதாவது உடலின் எதிர்ப்பைக் கூட்டும் பொருளான, அலுமினிய உப்பால் வருவது. 2017இல் இலங்கை தன் தேசிய அட்டவணையில் சேர்த்தது நான்கு வைரஸ் வகைகளுக்கு எதிரான கார்டசிலை. அப்போது உலகச் சந்தையில் செர்வாரிக்ஸ் என்ற இன்னொன்றும் இருந்தது. அதைக் குலுக்கினாலும் இதே வெண்மைதான். ஆனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது துணையூக்கி ஒன்றும் உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதிர்பார்த்த இடத்தில் வேறுபாடும் எதிர்பாராத இடத்தில் உறவும் தென்படுகின்றன.

முதலில் வைரஸின் புரதக்கூடு. கார்டசிலின் கூட்டைச் செய்து தருவது பாண் மாவைப் பொங்கவைக்கும் மதுவம். செர்வாரிக்ஸின் கூட்டைச் செய்து தருவது கோவாத் தோட்டத்தை அரிக்கும் புழுவின் அந்துப்பூச்சியிலிருந்து எடுத்து வளர்த்த கலங்கள். தொழிற்சாலைகள் இவ்வளவு வேறுபட்டாலும் விளைபொருள் ஒன்றே: ஐந்தைந்தாகச் சேர்ந்த 72 கொத்துகள், மொத்தம் 360 புரதங்கள், தாமாகவே உருண்டுகொண்ட வெற்றுக்கூடு. இந்த ஒழுங்கை நினைவில் வைத்திருப்போம், பிறகு தேவைப்படும்.

துணையூக்கியில்தான் இரண்டும் பிரிகின்றன. கார்டசிலின் வழி பழைய வழி. 1925இல் பிரான்சில் கஸ்தோன் ரமோன் குதிரைகளுக்கு ஏற்றிய மருந்தோடு சவ்வரிசியைக்கூடக் கலந்து பார்த்தார், பிறபொருளெதிரி கூடியது. மறு ஆண்டு இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளெனி படிகாரத்தைக் கொண்டு தொண்டைக்கரப்பான் நச்சுப்புரதத்தை வீழ்படிவாக்கினார். கலங்கிய கிணற்று நீரில் படிகாரத்தைக் கலக்கினால் சேறு திரண்டு அடியில் படிவதுபோல, புரதமும் உப்பின்மேல் ஒட்டித் திரண்டது. அந்தப் படிகாரத்தின் வாரிசுதான் கார்டசிலில் உள்ள 225 மைக்ரோகிராம் அலுமினியம்.

செர்வாரிக்ஸில் அலுமினியம் 500 மைக்ரோகிராம், அதோடு எம்.பி.எல். என்ற கொழுப்பு 50 மைக்ரோகிராம். சல்மொனெல்லா பற்றீரியாவின் வெளிச்சவ்விலிருந்து எடுத்து, நச்சுத்தன்மை போக வெட்டிச் சீராக்கிய பொருள் அது. பற்றீரியா புகுந்துவிட்டது என்று உடல் ஏமாந்து விழித்துக்கொள்ள அது போதும். படிகாரம் பழைய கைமருந்து, எம்.பி.எல். கணக்குப்போட்டுச் செய்த நவீன மருந்து என்று இங்கே முடிவுகட்டத் தோன்றும். அது சரியல்ல. எம்.பி.எல். 1980களின் தொடக்கத்திலேயே மொன்டானாவில் எட்கர் ரிபியின் ஆய்வுக்கூடத்தில் உருவாகிவிட்டது. அத்தகைய கொழுப்பை உடலின் எந்த ஏற்பி அடையாளம் காண்கிறது என்று புரூஸ் பியூட்லர் காட்டியது 1998இல்தான். கை முந்திக்கொள்ள, விளக்கம் பின்னால் வந்தது. இந்த வகையில் இரண்டும் ஒரே குடும்பம்.

நிறுத்துப் பார்ப்போம். 2009இல் வெளிவந்த நேரடி ஒப்பீடு 18 முதல் 45 வயது வரையான 1106 பெண்களை ஆராய்ந்தது. ஏழாம் மாதத்தில், வயதுக்கேற்ப, வைரஸின் வகை 16க்கு எதிரான பிறபொருளெதிரி செர்வாரிக்ஸ் பெற்றோரிடம் 2.3 முதல் 4.8 மடங்கு அதிகம்; வகை 18க்கு 6.8 முதல் 9.1 மடங்கு அதிகம். ஊசி போட்ட இடத்தின் நோவும் அவர்களுக்கே அதிகம். ஆய்வை நடத்தியது செர்வாரிக்ஸ் தயாரிப்பாளரே என்பதைச் சொல்லிவிட வேண்டும். என்றாலும் எண்களில் ஐயமில்லை, கொழுப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது.

இப்போது புற்றுநோய்ப் பதிவேடுகளுக்குப் போவோம். சுவீடன் கொடுத்தது கார்டசில். 17 வயதுக்குமுன் போட்டுக்கொண்டவர்களிடம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்ததாக 2020இல் அங்கிருந்து செய்தி வந்தது. இங்கிலாந்து 2008இல் தொடங்கியது செர்வாரிக்ஸில். 12, 13 வயதில் அது வழங்கப்பட்ட தலைமுறையில் 87 சதவீதக் குறைவு என்று மறு ஆண்டு அங்கிருந்து செய்தி. ஆய்வுமுறைகள் வேறு என்பதால் இரண்டு எண்களையும் ஒரே தராசில் ஏற்ற முடியாதுதான். ஆனாலும் இரத்தத்தில் கண்ட பன்மடங்கு இடைவெளி நோயாளர் எண்ணிக்கையில் தென்படவில்லை. 31, 33, 45 ஆகிய அண்டை வகைகளுக்கு எதிராகச் செர்வாரிக்ஸ் கொஞ்சம் கூடுதல் காவல் தருகிறது. கார்டசிலோ 6, 11 வகைகளையும் சேர்த்துக்கொண்டதால் பாலுறுப்பு மருக்களைத் தடுக்கிறது. செர்வாரிக்ஸுக்கு அந்தத் திறன் இல்லை. இங்கிலாந்து 2012இல் கார்டசிலுக்கு மாறியதில் இந்த மருக்களுக்கும் பங்குண்டு.

இடைவெளி எங்கே கரைந்தது? மேலே சொன்ன ஒழுங்கில் என்பதே என் கணிப்பு. ஒரே புரதம் 360 தடவை வரிசையாக நிற்பதைக் கண்டாலே உடல் உசாராகிவிடும்; கூடே பாதித் துணையூக்கி. மீதியில் பெரும்பங்கு வயதுக்குரியது. பதினொரு வயதுப் பிள்ளையின் உடல் இளம்பெண்ணின் உடலைவிட ஏறக்குறைய இருமடங்கு பிறபொருளெதிரி சுரக்கும். அதை நம்பித்தான் 2014இல் உலக சுகாதார நிறுவனம் 15 வயதுக்குக் கீழ் மூன்று தடவையை இரண்டாக்கியது. இவ்வளவு வலு ஏற்கெனவே கையிலிருக்க, எம்.பி.எல். கூட்டித் தருவது தேவைக்கு மேற்பட்ட உபரி.

இரண்டுக்கும் உள்ள வியப்பான உறவு விபத்தில் பிறந்தது. இந்தியாவில் 2009இல் இரண்டு தடவையா மூன்றா என்று ஒப்பிட கார்டசில் ஆய்வு தொடங்கியது; திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதன் களங்களில் ஒன்று. வேறொரு தடுப்பூசித் திட்டத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையில் 2010இல் அரசு ஊசி போடுவதை நிறுத்த, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே தடவையோடு நின்றார்கள். கொஸ்தாரிக்காவில் செர்வாரிக்ஸ் ஆய்வில் சேர்ந்த பெண்கள் சிலர் கர்ப்பம் போன்ற காரணங்களால் அடுத்த தடவைகளைத் தவறவிட்டார்கள். ஒன்றில் அரசாணை, மற்றதில் வாழ்க்கை. இரு இடத்திலும் ஒரே தடவை பெற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். பத்தாண்டுக்குப்பின் இந்தியக் கணக்கில், 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு ஒரு தடவைக்கு 95.4 சதவீதம், மூன்று தடவைக்கு 93.3. பிறபொருளெதிரி அளவு குறைவாகவே இருந்தது, ஆனால் குறைந்த அந்த அளவே போதுமானதாயிருந்தது. கென்யாவில் முறைப்படி நடந்த ஆய்வும் இதை உறுதிசெய்ய, 2022இல் ஒரே தடவை போதும் என்ற நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் வந்தது.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி 40 கி.மீ.க்கு மேல் போகவேண்டிய திரியாய்க்கு இது சின்ன விடயமல்ல. அந்த வீதியில் குளிர்ப்பெட்டி போகும்போது வெயிலைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுவார்கள். அலுமினியம் சேர்ந்த மருந்துக்கு ஐஸும் அதே அளவு பகை. உறைந்த ஐஸ் பொதியில் குப்பி ஒட்டிக்கொண்டு மருந்து உறைந்தால் உப்புத் துகள்கள் திரண்டுவிடும். உருகிய பிறகு குலுக்கி வைத்தால் வெண்மை சீக்கிரமே அடியில் படிந்து, மேலே தெளிநீர் நிற்கும். அந்தக் குப்பியை எறிந்துவிட வேண்டியதுதான். இந்தப் பலவீனம் இரண்டுக்கும் பொது.

பின்னால் வந்தவர்கள் யார் வழியில் போனார்கள்? சீனாவின் செகோலின், 2023இல் சீரம் நிறுவனம் வெளியிட்ட இந்தியாவின் செர்வாவாக் இரண்டிலும் தனி அலுமினியம்தான். செர்வாரிக்ஸ் 2016இல் அமெரிக்கச் சந்தையைவிட்டே போய்விட்டது. எம்.பி.எல். அழியவில்லை. ஐம்பது கடந்தவர்களுக்கான அக்கித் தடுப்பூசி ஷிங்ரிக்ஸில், அதாவது எதிர்ப்புச் சக்தி தளரும் வயதில், இன்று அது கூட்டுத் துணையூக்கியின் ஓர் அங்கம்.

இரண்டும் ஒன்றுபோலக் கைவிரிப்பது ஏற்கெனவே தொற்றுப் பிடித்த பெண்ணிடம். அவளது நோயுற்ற கலங்களில் அந்தக் கூட்டுப் புரதம் இராது. அங்கே தாக்க வேண்டியவை E6, E7 என்ற வேறு புரதங்கள், அவற்றைத் தாக்குவதும் பிறபொருளெதிரியல்ல, T-கலங்களே. நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் எண்ணெய்த் துணையூக்கியோடு அதற்கொரு மருந்து செய்து, பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் முன்புற்று மாற்றம் கண்ட பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 19 பேரில் 9 பேருக்கு அது முற்றாக மறைந்ததாக 2009இல் அறிவித்தார்கள். கருப்பைக் கழுத்துப் புற்று முற்றியவர்களிடம் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே தரம் 6 பிள்ளையின் தாய்க்கு இன்று உள்ள வழி, 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்ப் பாப் பரிசோதனை செய்துகொள்வது.