திருமலை நாயக்கர் அரண்மனையும் நாடகசாலைக் காட்சிக்கூடமும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தென்கிழக்கே, நடந்து செல்லும் தொலைவில் திருமலை நாயக்கர் அரண்மனை உள்ளது. மக்கள் இதை ‘மகால்’ என்றே அழைப்பர். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் 1636-ஆம் ஆண்டளவில் இதைக் கட்டினார். இன்று தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இதன் நாடகசாலையில் பழங்காலக் கற்சிற்பங்களும் தொல்பொருள்களும் வைக்கப்பட்டுள்ளன.

எஞ்சியதும் இழந்ததும்

அரண்மனை சொர்க்க விலாசம், அரங்க விலாசம் என இரு பெரும் பகுதிகளாக இருந்தது. இப்போது காண்பது பழைய அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் (1659–1682) தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அப்போது இங்கிருந்து பல பகுதிகளைப் பிரித்து, புதிய அரண்மனைக்காகக் கொண்டு சென்றார். அரண்மனைக்கு அருகில் ஒரு குறுகிய சந்தில் இன்றும் நிற்கும் ‘பத்துத் தூண்’, பழைய அரண்மனையின் எச்சமாகக் கருதப்படுகிறது.

எஞ்சிய பகுதியும் சிதையும் நிலைக்கு வந்தது. சென்னை மாகாண ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் பிரபு இதைப் பழுதுபார்க்கச் செய்தார். பிறகு இங்கு நீதிமன்றங்கள் இயங்கின. 1970 வரை வழக்காட வந்த மக்கள் இந்தத் தூண்களுக்கிடையே காத்திருந்தனர். அரசவைக்கு நீதிமன்றம் பொருத்தமற்றது என்று தோன்றலாம். ஆனால் ஆள் நடமாட்டம் உள்ள கட்டடத்துக்குத்தான் கூரை ஒழுகினால் யாரேனும் கவலைப்படுவார்கள். கைவிடப்பட்ட பகுதிகள் கற்குவியலாயின. பயன்பாட்டில் இருந்த பகுதி நின்றது.

கட்டடமே முதல் காட்சிப் பொருள்

சொர்க்க விலாசத்தின் நடுக் குவிமாடம் மரச்சட்டமோ இரும்பு உத்திரமோ இன்றி, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டே எழுப்பப்பட்டது. மேற்பூச்சின் பளபளப்புக்கு நன்கு அரைத்த சுண்ணாம்புச் சாந்தே காரணம். அதில் முட்டை வெண்கருவும் சேர்த்தனர் என்பர். பருத்த தூண்களில் ஐரோப்பியச் சாயலையும், வளைவுகளில் இசுலாமியக் கட்டடக்கலையின் தாக்கத்தையும், சுதை வேலைகளில் தமிழ்நாட்டு மரபையும் ஒருங்கே காணலாம்.

அரண்மனை அருங்காட்சியகமாவது உலகெங்கும் உள்ள வழக்கம். பாரிசின் லூவர் அரண்மனை 1793-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தஞ்சை அரண்மனையும் இராமநாதபுரம் இராமலிங்க விலாசமும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இடம் பெயர்ந்த கல்லும் இடம் பெயராத கல்லும்

நாடகசாலைச் சிற்பங்களைப் பார்க்கும் மாணவர் முதலில் படிக்க வேண்டியது, அவற்றின் அருகில் உள்ள குறிப்பை. எங்கே கிடைத்தது, எந்த நூற்றாண்டு என்ற இரண்டும் தெரிந்தால்தான் சிலை வரலாற்றுச் சான்றாகும். கிடைத்த ஊர் தெரியாத சிலையை அணிகலன், ஆடை, முக அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு காலம் கணிக்கலாம். ஆனால் செய்வித்தவர் யார், எதற்காக என்பதைக் கணிக்க முடியாது.

இந்த வேறுபாட்டை உணர, நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டரில் உள்ள திருப்பரங்குன்றத்துக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள பாண்டியர் குடைவரையின் கல்வெட்டு கலியாண்டு 3874-ஐக் குறிக்கிறது. கலியாண்டிலிருந்து 3101-ஐக் கழித்தால் கி.பி. 773 வரும். பாண்டியன் நெடுஞ்சடையனின் படைத்தலைவன் சாத்தன் கணபதி கோயிலையும் குளத்தையும் திருத்தினான். அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்தாள் என்று அறிகிறோம். ஆனைமலை நரசிங்கர் குடைவரையின் கலியாண்டு 3871. அதன் கி.பி. ஆண்டை மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

சேட்டை என்பவள் தவ்வை, மூத்ததேவி. பிற்காலத்தில் இவள் வழிபாடு குறைந்தது. பெயரும் ‘மூதேவி’ என வசைச்சொல்லாயிற்று. தமிழ்நாட்டின் அருங்காட்சியகங்கள் பலவற்றில் தனியே அமர்ந்திருக்கும் தவ்வைச் சிலைகளைக் காணலாம். அவற்றை எடுப்பித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. திருப்பரங்குன்றத்திலோ, 1,250 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர் அவள் செய்வித்த பணியோடு நிற்கிறது. கல் தன் இடத்திலேயே இருந்ததும், எழுத்து சிதையாமல் இருந்ததுமே காரணம்.

ஆகவே வயலிலோ குளக்கரையிலோ பழஞ்சிலை கிடைத்தால் அதை இடம் மாற்றாமல் கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். கிடைத்த இடம் பதிவானால் அதன் வரலாற்றில் பாதி காப்பாற்றப்பட்டதாகும்.

பார்வையாளருக்கு

மகாலின் தூண்களில் பெயர் கிறுக்குவது நெடுநாள் கேடு. சுண்ணாம்புப் பூச்சில் விழுந்த கீறலைப் பழையபடி ஆக்குவது எளிதன்று. பெயர் பொறிக்கும் ஆசை உள்ளவர்கள் நக்கன் கொற்றியை நினைக்கலாம்: அவள் ஒரு கோயிலை எடுத்த பிறகே அவள் பெயர் கல்லில் ஏறியது.

காலையில் திருப்பரங்குன்றத்தையும் பிற்பகலில் மகாலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். குறிப்பேடு ஒன்றை எடுத்துச் சென்று, ஒவ்வொரு சிலைக்கும் ஊர், காலம், கல் வகை ஆகிய மூன்றையும் குறித்து வந்தால், பாடநூலில் படிக்கும் பாண்டியரும் நாயக்கரும் தெளிவாக விளங்குவர்.