சூடானுக்கும் சூட்டுக்கும் உறவில்லை

வெயில் கொளுத்தும் நாடு, ஆகவே ‘சூடான்’ என்கிறார்கள். ஒலி ஒத்தால் வேர் கண்டாயிற்று என்னும் இந்தப் போக்கை இனியும் பொறுப்பதற்கில்லை. அந்த டகரமே ஆங்கிலம் வழி வந்தது. அரபியில் அது தகரம்.

‘அஸ்வத்’ என்றால் கறுப்பன்; பன்மை ‘சூத்’, ‘சூதான்’. ‘அப்யத்’, வெள்ளையன், ‘பீதான்’ ஆவதும் இதே வாய்பாடு. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் அல்-ஜாஹிஸ் இவ்விரு சொற்களையும் எதிரெதிர் நிறுத்திக் கறுப்பர் பெருமை பேச ஒரு நூலே செய்தார். சிந்துக்காரரையும் இந்தியரையும்கூடச் சூதானில் சேர்த்தார். ஆக, இது மண்ணின் பெயரன்று, மக்களின் பெயர். மண்ணைச் சுட்ட ‘பிலாத்’ என்னும் முன்சொல் வேண்டியிருந்தது: ‘பிலாத் அஸ்-சூதான்’, கறுப்பர் நாடு. அதுவும் நைல் கரை மட்டுமன்று, சகாராவுக்குத் தெற்கே மேற்குக் கடல் நோக்கி நீண்ட நிலம். அஸ்-சஅதியின் ‘தாரீக் அஸ்-சூதான்’ திம்புக்டு பக்கத்து வரலாறு. அந்நகர் உள்ள இன்றைய மாலி பிரெஞ்சு ஆட்சியில் ‘பிரெஞ்சு சூடான்’.

வெப்பம் தேடுவோர் கிரேக்கரிடம் போகட்டும். ‘எத்தியோப்பியா’வில்தான் எரிதலும் முகமும் சேர்ந்து நிற்கின்றன. அவர்கள் அப்பெயரால் பெரிதும் சுட்டியது குஷ் நாட்டை, அதாவது இன்றைய சூடானை.

இனிச் சொல்லின் வாழ்வு. நைல் கரை ஜஅலியீன் குலத்தார் நபிகளின் சிறிய தந்தை அப்பாஸ் வரை வமிசம் எண்ணுபவர்கள். அவர்களைப் போன்றோர் வாயில் ‘சூதானி’ என்றால் அடிமை வழி வந்தவன், குலம் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லாதவன். அந்த வசவையே பெயராக ஏற்றவர் அலி அப்துல் லத்தீஃப். தந்தை நூபா இனத்தவர், தாய் தின்கா இனத்தவர், அவர் படை அதிகாரி. 1920களில் சுலைமான் கிஷா என்பவர் ஒரு கவிதைத் தொகுப்பின் முன்னுரையில் ‘மேன்மைமிகு அரபு மக்கள்’ என்று எழுதினார். ‘மேன்மைமிகு சூதானி மக்கள்’ என்றல்லவா இருக்க வேண்டும் என்று மறுத்தார் லத்தீஃப். ஓர் அடைமொழியில்தான் சண்டை. ஆனால் அரபு வமிசம் சொல்ல முடியாத அத்தனை பேரும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிட்டார்கள். 1924இல் அவருடைய வெண்கொடிச் சங்கம் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தது, சிறை கண்டார், 1948இல் கெய்ரோவில் இறந்தார். விடுதலையைப் பார்க்கவில்லை.

1956இல் விடுதலை பெற்ற நாடு அவர் சொல்லையே தாங்கியது. 2011இல் தெற்கு பிரிந்தபோது குஷ், அஸானியா என்னும் பெயர்களெல்லாம் பேசப்பட்டன. நிலைத்தது ‘தெற்கு சூடான்’. அரபு மேலாண்மையை எதிர்த்தவர்கள் அரபுச் சொல்லை வைத்துக்கொண்டது முரண் என்பார் உளர். நான் ஏற்கேன். கறுப்பர் என்னும் முதற்பொருளுக்கு அவர்களைவிட உரியவர் யார்?

வேர் அரபி, இன்றைய பொருள் லத்தீஃப் தந்தது. இதுவே என் துணிபு.