பழைய எண், புதிய எண்

திண்டுக்கல் பக்கம் பழைய காம்பவுண்டு வீடுகளில் தெருவாசல் ஒன்றுதான், கதவு எண்ணும் ஒன்றுதான். உள்ளே எட்டுக் குடித்தனம். தபால்காரர் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இன்டர்நெட்டும் வெகுகாலமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. திண்டுக்கல் தலைமைத் தபால் நிலையத்துக்கு 624001. ஆறே இலக்கம், இன்னும் தீரவில்லை. காரணம், அது தபால் நிலையத்துக்கான எண். ஆளுக்கு ஆள் அல்ல. இன்டர்நெட்டில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் எண் வேண்டும். 1977-ல் வின்ட் செர்ஃப் அதற்கு 32 பிட் போதும் என்று முடிவு செய்தார். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். சோதனைதானே, தாராளம் என்று நினைத்தார். அந்தச் சோதனையே 1983 ஜனவரி 1-ல் அர்ப்பாநெட்டில் நிரந்தரமாகிவிட்டது.

பந்திக்கு முந்தியவர்களுக்கு இலை நிறைய. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற ஒரே கல்வி நிறுவனத்துக்கு 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் கிடைத்தன! நம் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணைப்பு கொடுத்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். 2011 பிப்ரவரி 3-ல் உலகக் கையிருப்பின் கடைசிக் கட்டுகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன.

அதனால்தான் காம்பவுண்டு முறை. ஏகப்பட்ட செல்போன்களுக்கு ஒரே பொது எண். நீங்கள் வெளியே போகலாம். வெளியிலிருந்து உங்களைத் தேடி வர முடியாது. கடைக்காரர் தன் கடை கேமராவை வீட்டிலிருந்து பார்க்க, நடுவில் ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரைச் சுற்றி வரவேண்டும். இல்லையென்றால் தனி எண்ணுக்குத் தனிக் காசு. ஒரு குடித்தனக்காரர் செய்த வம்புக்காக ஒரு வெப்சைட் அந்த எண்ணைத் தடுத்தால், மற்றவர்களுக்கும் கதவடைப்பு.

மாற்று 1995-லேயே எழுதப்பட்டுவிட்டது: ஐபி வெர்ஷன் 6. 128 பிட். 340 எழுதி 36 சைபர் போட்டுக்கொள்ளுங்கள், அத்தனை முகவரிகள். பிறகு ஏன் தயக்கம்? பழையதும் புதியதும் நேருக்கு நேர் பேசாது. மாறுகிறவனுக்குச் செலவு இன்றைக்கு. லாபம் அடுத்தவனும் மாறிய பிறகு. மத்திய அரசு 2010 ஜூலையில் திட்டம் வெளியிட்டது. ஆனால் அசல் வேகம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான். கோடிக்கணக்கான போன்களுக்குப் பழைய எண்ணுக்கு எங்கே போவது? இன்று இந்தியாவிலிருந்து கூகுளுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் புதிய முகவரியில்தான் போகிறார்கள். பந்திக்குப் பிந்தி வந்ததே நமக்கு லாபமாயிற்று.

சரி, மாறலாமா? மாறத்தான் வேண்டும். நம் வீட்டு வாசல்களில் 'பழைய எண், புதிய எண்' இரண்டையும் எழுதி வைப்பதில்லையா? அதுபோல இரண்டையும் கொஞ்ச காலம் சேர்த்து ஓட்டினால் போதும். ஒரே ஒரு விஷயம். தெருவைப் பார்த்துத் தனி வாசல் வந்தால், ஃபயர்வால் என்கிற பூட்டும் தனியாக வேண்டும். பூட்டைப் பற்றித் திண்டுக்கல்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்?