உலக்கையும் பல்லியமும்

ஒரு காலத்தின் படைப்பை இன்னொரு காலம் தன் கருவிகளில் மீட்டுக் காணிக்கை செலுத்துவது கலை வரலாற்றிற் புதிதன்று. அவ்வேளையில் எது உயர்கிறது, எது மறைகிறது என நாம் வினவுதல் வேண்டும்.

1973இல் இங்கிலாந்தின் பிங்க் புளொய்ட் குழுவினர், பணம், காலம், மரணம், மனப்பிறழ்வு ஆகியவற்றை ஒரே கருத்திழையிற் கோத்து, ‘நிலவின் இருண்ட பக்கம்’ எனப் பொருள்படும் இசைத்தட்டை வெளியிட்டனர். 1995இல் இலண்டன் பில்ஹார்மோனிக் பல்லியக் குழு, அவர்களுடைய பாடல்களைக் குரலின்றி வாத்தியங்களில் மட்டும் இசைத்தது. ஓசை பெருகிற்று, சொல்லில் உறைந்திருந்த சமூகக் கண்டனமோ சொல்லுடனேயே நீங்கிற்று.

2005இல் இளையராஜா திருவாசகத்தின் ஆறு பகுதிகளைப் புடாபெஸ்ட் சிம்பொனி குழுவினரைக் கொண்டு இசைத்தபோது சொல் நிலைத்தது. பண்ணைப்புரத்திற் பிறந்த அவர், பொதுவுடைமை மேடைகளிற் பாடிய தமையனார் பாவலர் வரதராசனின் குழுவில் வளர்ந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. அவர் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று திருப்பொற்சுண்ணம். மாணிக்கவாசகர் அதனை நறுஞ்சுண்ணம் இடிக்கும் பெண்களின் பாட்டாக அமைத்தார். உலக்கை ஏந்திய கைகளின் தாளம் பக்தி இலக்கியத்திற் புகுந்து, ஆயிரம் ஆண்டுகள் கடந்து, ஹங்கேரிய வயலின்களை எட்டிற்று. பெருங்கலையின் வேர் உழைப்பில் இருப்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

புத்தளக் கரையில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. உடப்பின் மணற்கரையிலே கரைவலை இழுத்த மீனவர் அம்பாப் பாடல்களை வளர்த்தனர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஏற்றுப் பாட, பல கைகள் ஒரே கணத்திற் கயிற்றை இழுத்தன. அதுவும் ஒரு பல்லியமே. ஆங்கே கைகளே கருவிகள். கயிற்றை இயந்திரம் இழுக்கும் இடத்திலோ பாட்டுக்கு வேலையில்லை. உழைப்பாளியின் சுமை குறைதல் நன்றே. ஆயின், அவன் படைத்த கலை அதற்கு விலையாதல் ஆகாது.

ஆசிரியரும் மாணவரும் கரைக்குச் செல்க. பாட்டின் சொல்லையும் மெட்டையும் மட்டுமன்றி, பாடியவர் பெயரையும், எவ்வேலையின்போது பாடப்பட்டது என்பதையும் குறித்து வைக்க. நாளை ஒரு பெரும் பல்லியம் அம்பாவையும் எடுத்தாளக்கூடும். அன்று ஓசை மட்டும் எஞ்சி, உழைத்தவன் சொல் நீங்காதிருக்க வேண்டுமாயின், இன்றே எழுதத் தொடங்குவோம்.