பாடலின் மேல் எழுதப்பட்ட பெயர்: இந்தியாவில் ஒலித்தரமும் பரிந்துரையும்

1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கெய்ஸ்பெர்க் ஒலிப்பதிவு செய்த பாடகியருள் கௌஹர் ஜான் முதன்மையானவர். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்போர் முடிவில் வரும் ஒரு வாக்கியத்தை மறப்பதில்லை. பாடி முடித்ததும் தம் பெயர் இன்னதென்று ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பார். பகட்டுக்காகச் செய்ததன்று இது. பதிவுத் தகடுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குச் சென்று அங்கு அச்சாகி வந்த காலம் அது. மொழியறியாத அயல்நாட்டுத் தொழிலாளி எந்தத் தட்டில் எந்தப் பெயரை ஒட்டுவது என்று அறிந்துகொள்ள, பாடகியின் குரலே முகவரிச் சீட்டாகவும் இருக்க வேண்டியிருந்தது. இன்று மெட்டாடேட்டா எனப்படுவது இந்திய இசையில் பாட்டுக்குள்ளேயே பதிந்து தொடங்கியது.

இசைச் செயலிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றனர். ஒலி எவ்வளவு துல்லியம்? அடுத்து எந்தப் பாடலைச் செயலி கொண்டுவந்து நிறுத்துகிறது? ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவுக்கு வந்தபோதோ, ஜியோ மியூசிக்கும் சாவனும் 2018இல் இணைந்தபோதோ பிறந்த கேள்விகள் அல்ல இவை. வானொலிக் காலம் முதலே இந்திய நேயர்கள் இவ்விரண்டையும் எடைபோட்டு வந்துள்ளனர். அந்த எடைபோடலில் ஒலித்தரம் வென்ற சந்தர்ப்பங்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. பாடலின் மேல் எந்தப் பெயர் எழுதப்பட்டது, எழுதியவர் யார் என்ற மூன்றாவது கேள்வியோ பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. முதல் இரண்டுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

1949இல் வெளிவந்த ‘மஹல்’ திரைப்படத்தின் புகழ்பெற்ற பாடலுக்குரிய இசைத்தட்டில் பாடகியின் பெயர் காமினி என்றே அச்சாகியிருந்தது. காமினி, மதுபாலா ஏற்ற கதாபாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். பாடல் வானொலியில் ஒலித்ததும், பாடியது யார் என்று கேட்டு நேயர்கள் கடிதம் எழுதித் தள்ளினர். அதன்பின்னரே உண்மைப் பெயர் அறிவிக்கப்பட்டது. பின்னணிப் பாடகர் என்னும் பொது அடையாளம் உறுதிபெற நேயர்களின் இந்த நச்சரிப்பு ஒரு காரணம். தரவுப் புலத்தில் இருந்த பிழையைத் திருத்தியவர்கள் கேட்பவர்களே.

மூன்று ஆண்டுகளில் அதே சிக்கல் அரசியலாக உருவெடுத்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் செவ்விசையில் ஆழ்ந்த பற்றுடையவர். திரையிசை மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்குரிய நேரம் சுருக்கப்பட்டது. அத்தோடு நில்லாமல், திரைப்படத்தின் பெயரை அறிவிப்பது விளம்பரமாகும் என்றும் பாடகரின் பெயரை மட்டுமே சொல்ல வேண்டும் என்றும் விதி வந்தது. படப் பெயரின்றிப் பாடல் ஒலிப்பதில் தமக்கு ஆதாயம் இல்லை எனக் கண்ட தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றனர். சில மாதங்களில் அரசு வானொலியிலிருந்து திரையிசை ஏறத்தாழ மறைந்தது. கேஸ்கரின் கொள்கையைச் செவ்வியல் ஆர்வம் என்றோ மேட்டிமை என்றோ விவாதிக்கும் ஆய்வுகள் பல உண்டு. மோதல் வெடித்த இடம் ஒரு பெயர்ப் புலம் என்பதையும் உடன்சேர்த்துக் கருத வேண்டும். பாடல் பாடகருடையதா, படத்துக்குரியதா? இன்றைய செயலிகளும் இக்கேள்விக்கு ஒருமித்த விடை வைத்திருக்கவில்லை.

வெற்றிடத்தை நிரப்பியது ரேடியோ சிலோன். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலைப் பரப்பி போருக்குப்பின் அந்நிலையத்தின் கைக்கு வந்திருந்தது. துணைக்கண்டம் முழுவதும் அதன் இந்தி ஒலிபரப்பைக் கேட்டது; தமிழகத்தில் அதன் தமிழ்ச் சேவைக்கு ஒரு தலைமுறையே நேயராக இருந்தது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் குரலில் ‘பினாகா கீத்மாலா’ தொடங்கிற்று. தொடக்கத்தில் ஏழு பாடல்கள் ஒலிக்கும். அவற்றை வரிசைப்படுத்தி எழுதும் நேயர்களுக்குப் பரிசு. விரைவிலேயே அது வாராந்தரத் தரவரிசையாக வளர்ந்தது. இசைத்தட்டு விற்பனையும் ஊர்தோறும் முளைத்த நேயர் மன்றங்களின் வாக்கும் அவ்வரிசையைத் தீர்மானித்தன.

ஒலித்தரத்தை அளவுகோலாகக் கொண்டால் இப்போட்டியில் இலங்கை தோற்றிருக்க வேண்டும். சிற்றலை வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. அலை ஏறும், இறங்கும், சரணத்தின் நடுவே கரையும், பக்கத்து நிலையத்தின் பேச்சு வந்து கலக்கும். அருகிலிருந்த அரசு நிலையத்தின் மத்திய அலையோ தெளிவாகக் கேட்கும். எனினும் மக்கள் இரைச்சலையே தேர்ந்தனர். விரும்பிய பாடல் மங்கலாகக் கேட்பது, விரும்பாதது துல்லியமாகக் கேட்பதைவிட மேல் என்ற தீர்ப்பு அது. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு அத்தீர்ப்பே காரணம். திரைப்பாடல் அரசு வானொலிக்குள் திரும்பியது. நேயர் விருப்பமும் உடன்வந்தது. இன்றைய ஜார்க்கண்டின் ஜும்ரி தலையா என்னும் அப்பிரகச் சுரங்க ஊர், அங்கிருந்து குவிந்த விருப்ப அஞ்சலட்டைகளால் மட்டுமே நாடறிந்த பெயராயிற்று. பாடலைக் கேட்டவரின் பெயரும் ஊரும் பாடலோடு சேர்த்து வாசிக்கப்பட்டன என்பதை இங்கு நினைவில் வைக்க வேண்டும். பரிந்துரைக்கு அன்று முகவரி இருந்தது. விளம்பரமும் ஒளிந்திருக்கவில்லை; பற்பசையின் பெயரே நிகழ்ச்சியின் பெயர்.

ஒலிநாடாக் காலத்திலும் கதை மாறவில்லை. 1980களில் டி-சீரிஸ் போன்ற நிறுவனங்கள் மலிவு விலையில் சந்தையை நிறைத்தன. நாடாவின் சீறலும் மறுபதிவின் மங்கலும் எச்.எம்.வி. தட்டோடு ஒப்பிடத் தக்கவையல்ல. ஆனால் தட்டு நிறுவனங்கள் பொருட்படுத்தாத வட்டார மொழிகளின் பாடல்கள் அதில்தான் கடைக்கு வந்தன. பீட்டர் மேனுவலின் ‘கேசட் கல்ச்சர்’ இதை விரிவாகவே எழுதியிருக்கிறது.

எண்மமாக்கம் ஒலித்தர விவாதத்துக்கு ஓர் எண்ணை அளித்தது. குறுந்தகடு நொடிக்கு 44,100 மாதிரிகளை 16 பிட் ஆழத்தில் இரு தடங்களில் சேமிக்கிறது. பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். 128 கிலோபிட் எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்கு. எஞ்சியதை மனிதச் செவி கவனிக்காது என்ற உளவொலியியல் கணிப்பின் பேரில் நீக்கிவிடுகிறது. இக்கணிப்பைச் செம்மைப்படுத்தும்போது ஜெர்மானியப் பொறியாளர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பெர்க் திரும்பத் திரும்பக் கேட்டது சூசன் வேகாவின் துணைக்கருவியற்ற குரல். சராசரிச் செவி என்பதும் யாரோ சிலருடைய செவிதான் என்று ஜொனாதன் ஸ்டெர்ன் 2012இல் வெளியிட்ட நூல் வாதிடுவது இதுபற்றியே. 2021இல் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணமின்றி இழப்பில்லா ஒலியை வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு அறிவித்த ஸ்பாட்டிஃபை 2025இல்தான் வழங்கியது. நடைமுறையில் பெரும்பாலான புளூடூத் காதொலிப்பான்கள் எக்கோப்பையும் மீண்டும் இழப்போடு சுருக்கியே கடத்துகின்றன. கம்பியில்லாக் கருவியில் பாட்டுக் கேட்டபடி இழப்பில்லாத் தரத்துக்காகச் செயலி மாறுவோர், குழாய் பழுதாயிருக்கக் கிணற்றை மாற்றுகின்றனர். 320 கிலோபிட்டுக்கும் இழப்பில்லாக் கோப்புக்கும் உள்ள வேறுபாடு பலருக்கும் கண்டறிய அரிது; பரிந்துரையின் வேறுபாடு யாருக்கும் முதல் வாரத்திலேயே தெரியும்.

பரிந்துரை இயந்திரங்களின் வரலாறு 1990களில் தொடங்குகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உபேந்திர ஷர்தானந்தும் பேட்டி மேஸும் உருவாக்கிய ‘ரிங்கோ’ 1994இல் மின்னஞ்சல் வழியே இயங்கியது. கலைஞர்களுக்கு மதிப்பெண் இட்டு அனுப்பினால், ஒத்த சுவையுடைய பிறரின் மதிப்பெண்களைக் கொண்டு புதிய பெயர்கள் திரும்ப வரும். வாய்வழிப் பரிந்துரையை இயந்திரமயமாக்குதல் என்று அவர்களே அதைக் குறித்தனர். பின்னர் பண்டோரா, பயிற்சிபெற்ற இசைஞர்களை அமர்த்தி ஒவ்வொரு பாடலின் கூறுகளையும் கையால் குறித்தது. 2005இல் தொடங்கிய எக்கோ நெஸ்ட் ஒலியலையையும், இணையத்தில் இசை குறித்து எழுதப்பட்டவற்றையும் கணினியால் வாசித்தது. 2014இல் ஸ்பாட்டிஃபை அதை வாங்கிற்று. மறுஆண்டே வாராந்தரத் தனிப்பட்டியல் பிறந்தது. கேட்டோரின் ஒற்றுமை, ஒலியின் ஒற்றுமை, எழுத்தின் ஒற்றுமை ஆகிய மூன்று வழிகளுமே இன்று கலந்து பயன்படுகின்றன.

இந்தியாவில் மூன்றுக்கும் முன்பே ஒரு வடிகட்டி நிற்கிறது. இங்குள்ள செயலிகள் புதிய பயனரிடம் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று மொழி. திரையிசைக்கு இது பொருந்தும். தியாகராஜரின் தெலுங்குக் கிருதியைச் சென்னையில் கேட்டு வளர்ந்த தமிழருக்கு அது எம்மொழிப் பாடல்? முத்துசுவாமி தீட்சிதரின் சமஸ்கிருதக் கிருதியை எப்பெட்டியில் இடுவது? மொழி என்பது அட்டவணையில் பாடலின் பண்பாக இருக்கிறது. கேட்பவரின் வாழ்வில் அது மரபின் பண்பு. அடுத்து, கலைஞர் என்ற ஒற்றைப் புலம். மேற்கத்திய வெகுசன இசைக்குழுவை மனத்தில் வைத்து அமைந்த அப்புலத்தில் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் மட்டுமன்றிச் சில வேளை நடிகரும் முண்டியடிக்கின்றனர். கேஸ்கரின் விதி எழுப்பிய தகராறு வேறு உருவில் தொடர்கிறது. எழுத்துப்பெயர்ப்பின் குழப்பம் தனி. நெடில் குறில் வேறுபாட்டைக் காட்டாத, ழகரத்தை மூன்று விதமாக எழுதும் ரோமன் தலைப்புகளில் ஒரே கிருதி பல பாடல்களாகச் சிதறுகிறது. சிதறியவற்றின் கேட்பு எண்ணிக்கையும் சிதறும். எண்ணிக்கை குறைந்தால் பரிந்துரையும் வராது.

ஒலியை மட்டும் நம்பினால் தீருமா என்றால், தோடி தடுக்கிறது. இந்துஸ்தானி தோடியின் சுரத்தானங்கள் கருநாடக இசையில் சுபபந்துவராளிக்கு உரியவை. கருநாடகத் தோடியின் சுரத்தானங்களோ இந்துஸ்தானி பைரவிக்கு நெருக்கமானவை. கருநாடக பைரவி இவை அனைத்திலிருந்தும் வேறு. பெயரை நம்பும் இயந்திரம் இரு தோடிகளை ஒன்றெனக் கருதும்; அது பிழை. பெயரை விட்டுச் சுரங்களை எண்ணும் இயந்திரம் கருநாடகத் தோடியையும் இந்துஸ்தானி பைரவியையும் அருகருகே வைக்கும். அதுவும் கேட்பவருக்குப் பிழையாகவே படும், ஏனெனில் தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று, அசைவிலேயே வாழ்வது. கமகத்தைப் பன்னிரு கட்டங்களுக்குள் வெட்டி அடுக்கும் எக்கணக்கும் ராகத்தின் உயிரை முதலடியிலேயே தவறவிடுகிறது.

இதற்கு மாற்றுத் தேடப்படாமல் இல்லை. பார்சிலோனாவின் பொம்பெயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம், ஐந்து இசைமரபுகளை அவற்றின் சொந்தக் கருத்தாக்கங்களைக் கொண்டே கணிப்பதை நோக்கமாக்கியது. கருநாடக, இந்துஸ்தானி இசைகள் அவற்றுள் இரண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஹேமா மூர்த்தியின் குழு அதில் பங்கேற்றது. முதலில் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்களில் ஒன்று மிக எளியதாய்த் தோன்றும்: பாடுபவரின் ஆதார ஷட்ஜம் எது? மாணவர் தம்பூராவைக் கேட்டதும் அறிவதை இயந்திரத்துக்குக் கற்பிக்கத் தனி ஆய்வுக்கட்டுரைகள் வேண்டியிருந்தன. ஆதாரம் தெரியாமல் சுரம் இல்லை. சுரம் தெரியாமல் ராகம் இல்லை.

சந்தையின் கணக்கு வேறு திசையில் செல்கிறது. பாடல் கூடுதலாகப் பரிந்துரைக்கப்பட, அதன் உரிமையாளர் குறைந்த உரிமத்தொகைக்கு இசையும் ஏற்பாட்டை 2020இல் ஸ்பாட்டிஃபை அறிவித்தது. பற்பசை நிறுவனத்தின் பெயர் நிகழ்ச்சியின் நெற்றியில் இருந்தது. இவ்வேற்பாடு கேட்பவரின் பட்டியலில் தனித்துத் தெரிவதில்லை. கீத்மாலாவின் வரிசையோடு சண்டையிட முடிந்தது, ஏனெனில் அனைவரும் கேட்டது ஒரே வரிசை. அவரவர்க்கு வெவ்வேறாய் வரும் பட்டியலில் எது விடுபட்டது என்று எவரோடு ஒப்பிட்டு அறிவது?

2023 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் மேற்கத்தியச் செவ்விசைக்கெனத் தனிச் செயலி ஒன்றை வெளியிட்டது. இயற்றியவர், படைப்பு, அதன் பகுதி, நடத்துநர், இசைக்குழு எனத் தேட வேண்டியவை வெகுசன இசையின் புலங்களில் அடங்கவில்லை என்பதே அதற்கான நியாயம். ராகம், தாளம், வாக்கேயக்காரர், பக்கவாத்தியம் என்பவற்றுக்கு அத்தகைய செயலியை அந்நிறுவனம் வெளியிடவில்லை. ராகம்-தானம்-பல்லவியை மூன்று தடங்களாக நறுக்கிப் பதிவேற்றிய கச்சேரியை ஷஃபிள் முறையில் கேட்பவருக்கு, பல்லவி முதலிலும் ஆலாபனை நாலாவதாகவும் வரக்கூடும். ஒவ்வொரு துண்டும் 24 பிட் துல்லியத்தில் இருக்கலாம்.