ஊர்ப்பள்ளியும் ஊர்ப்பணமும்: தமிழகத் தொடக்கக் கல்வி ஆட்சியின் வரலாறு

முன்னுரை

ஒரு தொடக்கப் பள்ளி நடைபெற ஆசிரியர் ஊதியம், கட்டடம், கல்விக் கருவிகள் ஆகிய மூன்றிற்கும் பணம் வேண்டும். இவற்றுள் ஊதியமே செலவின் பெரும்பகுதியாகும். அவ்வூதியத்தைத் தருபவர் யார், ஆசிரியரை அமர்த்தவும் மாற்றவும் உரிமை உடையவர் யார் என்னும் இரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகளே பள்ளியின் ஆட்சிமுறையைத் தெளிவாக்குவன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்ப் பகுதிகள் பலவற்றில் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளிக் குழுவே ஆசிரியரை அமர்த்துகிறது. பள்ளிச் செலவின் ஒரு பெரும்பங்கு அப்பகுதியின் சொத்துவரியிலிருந்தே பெறப்படுகிறது. தமிழகச் சிற்றூர்களில் இவ்விரண்டும் காலப்போக்கில் பிரிந்து சென்றன. இப்பிரிவு எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் ஊர் பெற்றது யாது, இழந்தது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணைப் பள்ளியும் மன்றோவின் கணக்கெடுப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்ப்பள்ளி என்பது திண்ணைப் பள்ளியே ஆகும். ஆசிரியருக்குரிய வருவாயைப் பிள்ளைகளின் பெற்றோர் அளித்தனர். சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகள் 1826 மார்ச் 10ஆம் நாளிட்ட அவரது குறிப்பில் தொகுத்துரைக்கப்பட்டன. மாகாண மக்கள் தொகை 1,28,50,941. பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி எனலாம்.

எண்ணிக்கை இவ்வாறு இருப்பினும் ஆசிரியர் நிலை மெலிந்தே இருந்தது. பிள்ளைக்கு மாதம் நான்கு முதல் எட்டு அணா வரை கிடைத்தது என்றும், ஆசிரியர் பொதுவாக ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டவில்லை என்றும், தகுதியுடையோரை ஈர்க்க அது போதாது என்றும் மன்றோ கருதினார். இதற்குத் தீர்வாக, மாவட்டந்தோறும் கலெக்டரேட் பள்ளிகளும் வட்டந்தோறும் தாசில்தாரிப் பள்ளிகளும் அமைக்க அவர் திட்டமிட்டார். தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாய் வழங்கப்பட வேண்டும் என்பதும், திட்டத்தின் ஆண்டுச் செலவு 48,000 ரூபாய் என்பதும் அவரது கணக்கு. 1827இல் மன்றோ மறைந்தார். 1836இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன. ஊர்ப்பள்ளி மீண்டும் பெற்றோரின் கொடையையே நம்பி நிற்கலாயிற்று.

நிலவரியின் மேல் கல்வி வரி

1854ஆம் ஆண்டு உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு உதவி மானியம் வழங்கும் முறையைத் தோற்றுவித்தது. மானியம் செலவின் ஒரு பகுதியையே ஈடு செய்யும். எஞ்சியதை ஊரே திரட்ட வேண்டும். இதற்கு வழிகாட்டியாகக் கருதப்பட்டது கோதாவரி மாவட்ட முயற்சியாகும். அங்குச் சில ஊர்களின் குடியானவர்கள் நிலவரியோடு சிறுதொகை ஒன்றைச் சேர்த்துச் செலுத்திப் பள்ளிகளை நடத்த இசைந்திருந்தனர். இவ்வேற்பாட்டிற்குச் சட்ட வடிவம் தர 1863ஆம் ஆண்டின் சென்னைக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. ஊரார் விரும்பினால் தம்மீது தாமே வரி விதித்துக்கொள்ள இச்சட்டம் இடமளித்தது. ஆயினும் விருப்ப வரி வேரூன்றவில்லை. மிகச் சில இடங்களிலேயே சட்டம் நடைமுறைக்கு வந்தது.

விருப்பம் பயன் தராமையால் அரசு கட்டாயத்தை நாடியது. 1871ஆம் ஆண்டின் தல நிதிச் சட்டம் நிலத்தின் மீது தலவரி விதித்தது. தல நிதிக் குழுக்களையும் ஏற்படுத்தியது. தலவரியின் பெரும்பங்கு சாலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. பள்ளிகளுக்கென எண்ணப்பட்ட வீட்டுவரி மக்களின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி விரைவில் கைவிடப்பட்டது. சாலைக்குக் கிடைத்த உறுதியான வருவாய் பள்ளிக்குக் கிடைக்கவில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

தாலுகா போர்டும் ஜில்லா போர்டும்

1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் குழு தொடக்கக் கல்வியை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானமும் வெளியாயிற்று. இவற்றின் விளைவாக வந்த 1884ஆம் ஆண்டுச் சென்னை உள்ளாட்சிச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்று அடுக்குகளை உருவாக்கியது. சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் தாலுகா போர்டுகளைச் சார்ந்தது. போர்டுப் பள்ளி என்னும் பெயர் ஊர்வழக்கில் நிலைத்தது இக்காலத்தேயாகும்.

இதே காலத்தில் உதவி பெறும் பள்ளிகள் பல, மாணவர் தேர்ச்சிக்கேற்ப மானியம் என்னும் முறைக்கு உட்பட்டிருந்தன. ஆய்வாளர் வந்து தேர்வு நடத்தும் நாளில் எத்தனை பிள்ளைகள் தேறினர் என்பதைப் பொறுத்து ஆசிரியரின் ஆண்டு வருவாய் அமைந்தது. 1904ஆம் ஆண்டின் இந்திய அரசுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் குறைகூறிய பின்னரே அது படிப்படியாக மறைந்தது.

1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் அடுத்த திருப்பமாகும். மாவட்டந்தோறும் கல்விக் கவுன்சில் அமைக்கவும், உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கவும், அவ்வாறு விதித்த இடங்களில் அரசு ஈட்டுத் தொகை வழங்கவும் இச்சட்டம் வழிசெய்தது. ஈட்டு மானியம் ஊரின் முயற்சியைத் தூண்டும் என்பது இதன் அடிப்படை. ஆயின் வளமான வட்டத்தில் வரியும் மிகும், அதற்கேற்ற மானியமும் மிகும்; வறண்ட வட்டத்தில் இரண்டும் குறையும். கல்வி மிகவும் தேவைப்பட்ட இடத்திற்கே பணம் குறைவாகச் சென்றது என்பது இம்முறையின் உள்ளார்ந்த குறையாகும்.

மற்றொரு குறை பணத்தைச் சார்ந்ததன்று. போர்டுப் பள்ளி எங்கு அமையும், அதில் யார் பயிலலாம் என்பதை ஊரின் மேல்தட்டினரே பெரிதும் முடிவு செய்தனர். அக்கிரகாரத்திலும் கோயிலை அடுத்த இடங்களிலும் அமைந்த பள்ளிகளுக்கு ஆதிதிராவிடப் பிள்ளைகள் செல்ல இயலவில்லை. 1920இல் தொழிலாளர் ஆணையர் துறை இம்மக்களின் நலப் பணியை ஏற்று, தனிப் பள்ளிகளைத் தொடங்க வேண்டியிருந்தமை இதற்குச் சான்றாகும். ஊரின் உரிமை என்பது ஊரார் அனைவரின் உரிமையாக இருக்கவில்லை என்பது இதனால் பெறப்படும்.

1934இல் தாலுகா போர்டுகள் ஒழிக்கப்பட்டன. அவற்றின் பள்ளிகள் ஜில்லா போர்டுகளைச் சேர்ந்தன. பள்ளிக்கும் அதனை ஆள்வோருக்கும் இடையிலான தொலைவு ஒரு படி கூடியது.

ஊராட்சி ஒன்றியம்

விடுதலைக்குப் பின் ஊதியமும் ஓய்வுக்கால உறுதியும் அரசின் பொறுப்பாக மாறத் தொடங்கின. 1955இல் உள்ளாட்சிப் பள்ளி ஆசிரியருக்கும் உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கும் ஓய்வூதியம், வைப்பு நிதி, காப்புறுதி ஆகிய மூன்றும் அடங்கிய முப்பயன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலமைச்சர் காமராசர் காலத்தில், 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் ஊரின் பங்கையும் எதிர்பார்த்தது. ஓர் உணவுக்கான 10 காசில் 6 காசு அரசும் 4 காசு ஊராரும் ஏற்பது என்பது ஏற்பாடு. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958இல் செங்கற்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் தொடங்கின. இவற்றில் ஊரார் இருக்கை, கரும்பலகை, சீருடை, நிலம் எனப் பலவற்றை வழங்கினர். ஊதியம் அரசிடமிருந்தும் பொருள்கள் ஊரிடமிருந்தும் வருவது என்னும் பங்கீடு இக்காலத்தில் உருப்பெற்றது.

1958ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிகள் சட்டம் ஜில்லா போர்டுகளை அகற்றி, ஊராட்சி ஒன்றியங்களை நிறுவியது. 1961க்குள் ஒன்றியங்கள் மாநிலம் முழுவதும் அமைந்தன. முன்னைய போர்டுப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் ஆயின. தமிழகத்தில் ஒரு சிறு பள்ளி மாவட்டத்திற்கு மிக நெருங்கிய அமைப்பு இதுவே எனலாம். நிலவரி ரூபாய் ஒன்றுக்கு 45 காசு தலவரியாக விதிக்கப்பட்டது. ஒன்றியம் விரும்பினால் தலமேல்வரியும் விதிக்கலாம். கல்விச் செலவில் ஒன்றியத்தின் பங்கு போக எஞ்சியதை அரசின் கல்வி மானியம் ஈடு செய்தது. ஒன்றியப் பெருந்தலைவரும் ஆணையரும் இடம்பெற்ற நியமனக் குழு ஆசிரியர்களை அமர்த்தியது. பாடத்திட்டத்தையும் ஆய்வையும் கல்வித் துறை தன்னிடம் வைத்துக்கொண்டது.

இவ்வமைப்பில் பெற்றோர் தம் குறையை உள்ளூரிலேயே எடுத்துரைக்க முடிந்தது. எனினும் ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் உள்ளூர் அரசியலின் பிடிக்குள் வந்தன. தேர்தலில் எதிரணியைச் சார்ந்தவர் எனக் கருதப்பட்ட ஆசிரியர் தொலைவிலுள்ள ஊருக்கு மாற்றப்படலாம் என்னும் அச்சம் நிலவியது. தம்மை அரசு ஊழியராக்க வேண்டும் என ஆசிரியர் இயக்கங்கள் கோரியதன் பின்னணி இதுவாகும்.

1981க்குப் பின்

1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆயினர். 1986இல் தொடக்கக் கல்விக்குத் தனி இயக்ககம் அமைந்தது. ஊதியம் உறுதி பெற்றது. நியமனம் ஒன்றியத்தை விட்டு நீங்கியது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்னும் பெயர்ப்பலகையும் கட்டடப் பராமரிப்பும் மட்டும் ஒன்றியத்திடம் எஞ்சின.

1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், பதினோராம் அட்டவணையில் தொடக்கக் கல்வியை ஊராட்சிகளுக்கு வழங்கத்தக்க பொருள்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திற்குப் பின்னும் ஆசிரியர் மீதான ஆட்சி ஒன்றியத்திற்குத் திரும்பவில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், நான்கில் மூன்று பங்கு பெற்றோரையும் பாதியளவு பெண்களையும் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை விதித்தது. ஊரின் மேல்தட்டினர்க்கே உரியதாயிருந்த பழைய போர்டைவிட இது பரந்துபட்டது என்பதில் ஐயமில்லை. பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பது இக்குழுவின் கடமை. ஆனால் வரி விதிக்கும் உரிமையோ ஆசிரியரை அமர்த்தும் உரிமையோ இதற்கு இல்லை.

நிதியின் தலைமையிடமும் மேலும் விலகியது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலில் சேர்த்தது. 2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசும் தமிழகமும் 60:40 என்னும் விகிதத்தில் செலவை ஏற்க வேண்டும். 2024-25ஆம் ஆண்டிற்குரிய மத்தியப் பங்கு, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டம் பற்றிய கருத்து வேறுபாட்டால் விடுவிக்கப்படாது நின்றது. 2025இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஊர்ப்பள்ளியின் பணம் பற்றிய முடிவு டெல்லிவரை சென்றுவிட்டது என்பதற்கு இது சான்று.

டெல்லிச் சிற்றூர்கள்: ஓர் ஒப்பீடு

தலைநகரைச் சூழ்ந்த நரேலா, நஜஃப்கர் முதலிய பகுதிகளின் வரலாறும் இங்கு ஒப்பிடத்தக்கது. தமிழகத்தில் ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்ட அதே 1958இல், டெல்லி ஜில்லா போர்டு கலைக்கப்பட்டு அதன் பணிகள் டெல்லி மாநகராட்சியைச் சேர்ந்தன. 1957ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் தொடக்கக் கல்வியை அதன் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக்கியது. அங்கு ஆசிரியர் ஊதியம் உள்ளாட்சியின் நிதிநிலையையே சார்ந்து நின்றது. 2012இல் மாநகராட்சி மூன்றாகப் பிரிக்கப்பட்டு 2022இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வருவாய் குறைந்த வடக்கு, கிழக்கு மாநகராட்சிகளின் ஆசிரியர்கள் ஊதியத்திற்காகப் பலமுறை போராட நேர்ந்தது. தமிழக ஆசிரியர் 1981இல் எதனிடமிருந்து விடுபட்டனர் என்பதை இந்நிகழ்வு விளக்குகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தமிழக ஊர்ப்பள்ளியின் வரலாற்றில் நிதி உறுதிப்பட்ட ஒவ்வொரு கட்டத்திலும் ஊரின் சொல்லுக்கு இருந்த வலிமை குறைந்து வந்துள்ளமை புலனாகும். இதனை இழப்பாக மட்டும் கொள்வது பொருந்தாது. ஊரின் பிடி தளர்ந்தமையால் ஆசிரியர் அச்சமின்றிப் பணிபுரிய முடிந்தது. வறண்ட வட்டத்து ஆசிரியரும் வளமான வட்டத்து ஆசிரியரும் ஒரே ஊதியம் பெற்றனர். அதே வேளையில், ஓராசிரியர் விடுப்பில் சென்றால் மாற்று ஆசிரியரை வரவழைக்கவோ, ஒழுகும் கூரையை உடனே சீர்செய்யவோ பெற்றோரால் இயலாத நிலை ஏற்பட்டது. ஊதியத்தை மாநிலமே ஏற்று, அன்றாடச் செலவிற்கு உறுதியான சிறு நிதியையும் அதனைச் செலவிடும் முழு உரிமையையும் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் அளிப்பது, பிரிந்து சென்ற இவ்விரண்டையும் ஓரளவேனும் மீண்டும் இணைக்கும். பெற்றோர் பெரும்பான்மையினராக அமைந்த குழு இன்று உள்ளது. அதன் கையில் பணம் இல்லை என்பதே எஞ்சிய குறையாகும்.